புது ஸ்பீக்கரைப் பழக்குகிறேன் என்று காயிலைக் கருக்காதீர்கள்

கிணற்று மோட்டார் லோ வோல்டேஜில் திணறி, காயில் கருகும் வாடை கொங்குப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதே வாடை திருப்பூரில் ஒரு நண்பரின் வரவேற்பறையில் அடித்தது. புது ஸ்பீக்கரை 'பிரேக்-இன்' செய்கிறேன், அதாவது ஓட்டித் தளர்த்திப் பழக்குகிறேன் என்று, ராத்திரி முழுக்க ஒயிட் நாய்ஸை (எல்லா அதிர்வெண்ணும் கலந்த 'உஸ்' இரைச்சலை) ஓடவிட்டுத் தூங்கியிருந்தார். "பாக்ஸ்லயே 200 வாட்னு போட்டிருக்குதுங்க, நாம 60 தானுங்க குடுத்தோம்?" என்றார். கீச்சொலிகளைத் தரும் சின்ன ட்வீட்டர் செத்திருந்தது.

அந்த 200 வாட், பாட்டுப் போல ஏறி இறங்கும் சிக்னலை வைத்து மொத்த ஸ்பீக்கருக்கும் சொல்லும் கணக்கு. பாட்டில் ட்வீட்டருக்குப் போவது கொஞ்சம்தான். ஒயிட் நாய்ஸில் ஒவ்வொரு ஹெர்ட்ஸுக்கும் சம சக்தி; 20,000 ஹெர்ட்ஸ் வரை எடுத்தால், பாதி சக்தி 10,000க்கு மேலேயே இருக்கும். தலைமுடி போன்ற கம்பி சுற்றிய காயில் அதை எத்தனை நேரம் தாங்கும்? பிங்க் நாய்ஸில் ஒவ்வொரு ஆக்டேவுக்கும் (அதிர்வெண் இரட்டிப்பாகும் ஒவ்வொரு படிக்கும்) சம சக்தி; 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை மொத்தம் பத்து ஆக்டேவ் என்பதால், மேல் ஆக்டேவுக்குக் கிடைப்பது பத்தில் ஒரு பங்குதான். டெஸ்ட் சிக்னல்தான் வேண்டும் என்றால் இதைப் போடுங்கள், பேச்சுக் குரல் அளவுக்கு மேல் வைக்காமல். ஒரே ஸ்வரமாக நீளும் சைன் டோனைத் தொடர்ந்து ஓட்டவே வேண்டாம். பாட்டில் காயில் ஆற இடைவெளி உண்டு, சைனில் கிடையாது. போர்ட் (காற்றுத் துளை) உள்ள பெட்டி என்றால் இன்னொரு ஆபத்து: அந்தத் துளைக்கென்று அமைத்த டியூனிங் அதிர்வெண்ணுக்குக் கீழே 20 ஹெர்ட்ஸ், 25 ஹெர்ட்ஸ் கொடுத்தால், உள்ளே காற்றின் பிடி விட்டுப்போய், அசைந்து ஒலி எழுப்பும் கூம்பான கோன் கண்டபடி துள்ளும்.

இத்தனை பாடும் எதற்காக? புதிதில் இறுக்கமாக இருப்பவை கோனின் விளிம்பிலுள்ள சரவுண்டும், காயிலை நடுவில் பிடித்து நிறுத்தும் ஸ்பைடரும். ஸ்பைடர் பிசின் தோய்த்த துணி. நன்றாக அசைந்ததும் கொஞ்சம் தளரும், கீழ் ஒலிகளைத் தரும் வூஃபரின் ஒத்ததிர்வு சில ஹெர்ட்ஸ் இறங்கும். பெரும்பகுதி முதல் சில மணி நேரத்திலேயே முடிந்துவிடும். ஒரு மாதம் கழித்து 'ட்ரெபிள் இனிமையாகிவிட்டது' என்று தோன்றினால், பழகியது பெரும்பாலும் நம் காதுதான்.

சத்தம் வெளியே போகாமல் பழக்க ஒரு வழி உண்டு. இரண்டு ஸ்பீக்கரையும் எதிரெதிரே ஒட்டி வைத்து, ஒன்றின் வயரை மட்டும் பிளஸ், மைனஸ் மாற்றிக் கொடுத்தால் இரண்டின் பாஸும் (கீழ் ஒலியும்) ஒன்றையொன்று தின்றுவிடும். மேலே ஒரு பவானி ஜமுக்காளத்தைப் போர்த்தினால் பக்கத்து வீட்டாருக்கும் தொந்தரவில்லை. ஆம்ப் உள்ளேயே இருக்கும் ஆக்டிவ் ஸ்பீக்கரைப் போர்த்தாதீர்கள், சூடு போக வழியிருக்காது. முடிந்ததும் வயரைத் திருப்பி மாட்ட மறக்கவும் கூடாது. நான் மறந்து, பத்து நாள் பாஸே இல்லாத ஸ்பீக்கரை வாங்கிவிட்டதாகக் கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

எதையும் வெட்டாமல் சேமிக்கும் லாஸ்லெஸ் பாட்டுக் கோப்பு விஷயத்திலும் வீண் அலைச்சல் அதிகம். ஸ்பைடர் தளர ஃப்ளாக் என்ற லாஸ்லெஸ் கோப்பு வேண்டியதில்லை. எம்பி3 ஓடினாலும் கோன் அப்படித்தான் அசையும். லாஸ்லெஸ் தேவைப்படுவது பிறகு, உட்கார்ந்து தரம் பார்க்கும்போது. அங்கேயும் 128 கேபிபிஎஸ் எம்பி3யை ஃப்ளாக்காக மாற்றி வைத்துக்கொள்வதில் பயனில்லை. சுமார் 16,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டிப் போட்டது திரும்பி வராது, கோப்புதான் பெருக்கும். நல்ல ஃப்ளாக்கை ப்ளூடூத்தில் அனுப்பினாலும் பெரும்பாலும் வழியில் வெட்டிக் குறுக்கப்படும். வயரில் கேளுங்கள்.

'200 மணி நேரம் ஓட்டுங்க, அப்புறம் பாருங்க' என்று விற்பவர் சொன்னால் கணக்குப் போடுங்கள். தினம் 2 மணி நேரம் கேட்டால் அது 100 நாள். திருப்பித் தரும் கெடு அதற்குள் முடிந்திருக்கும். முதல் வாரத்திலேயே, நன்றாகத் தெரிந்த நாலு பாட்டைப் போட்டு முடிவு செய்யுங்கள். அதுவரை அட்டைப் பெட்டியும் தெர்மோகோலும் அட்டாலியிலேயே கிடக்கட்டும்.