புதியவர்களுக்கு ரோயிங் சொல்லித்தரும் நாளே உங்கள் பயிற்சி நாளும்

அடையாற்றில் காலையில் புதியவர்களுக்குப் படகோட்டச் சொல்லித்தருகிறீர்கள், உங்களுக்கும் 2000 மீட்டர் போட்டி நெருங்குகிறது. இரண்டுக்கும் தனித்தனியாக நேரம் ஒதுக்கினால் உடம்பு தாங்காது. வாரத்தில் லேசாக ஓட்டவேண்டிய நாட்கள் எப்படியும் இருக்கும் அல்லவா, அவற்றைச் சொல்லித்தரும் நாட்களாக மாற்றிக்கொள்ளுங்கள்.

கரையிலிருந்து கத்துவதைவிட இருவர் படகில் கூடவே ஏறுவது நல்லது. ரோயிங்கில் படகு போகும் திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவோம், அதனால் படகு போகும் திசையில் முன்னால் இருக்கும் இருக்கையில் நீங்கள் அமர்ந்தால் புதியவரின் முதுகும் தோளும் கண்முன்னே தெரியும், திசையும் உங்கள் கையில் இருக்கும். நிமிடத்துக்கு 18 துடுப்பு வீச்சு போதும். முதலில் கை மட்டும், அப்புறம் இடுப்பிலிருந்து சாய்வது, பிறகு பாதி சறுக்கல் (நகரும் இருக்கையில் பாதி தூரம் முன்னும் பின்னும் போவது), கடைசியில் முழுச் சறுக்கல்.

புதியவர்கள் துடுப்பை பஸ் கம்பியைப் பிடிப்பதுபோல இறுக்கிப் பிடிப்பார்கள், விரல் முட்டிகள் வெளுத்துப்போகும். "லூஸாப் பிடிங்க" என்று சொன்னால் நடக்காது. கட்டைவிரலைக் கைப்பிடி நுனியில் வைத்து, துடுப்பு தண்ணீருக்கு வெளியே வரும்போதெல்லாம் மற்ற விரல்களை அசைக்கச் சொல்லுங்கள். தோள் தானாக இறங்கும். என் வலதுகைப் பிடியும் இறுகியிருந்ததை இதைச் சொல்லித்தரும்போதுதான் கண்டுகொண்டேன்.

500 மீட்டர் வேகப் பயிற்சிகளை வேறு நாளில் வையுங்கள். அதே நாள்தான் முடியும் என்றால் வகுப்புக்கு முன்பே முடித்துவிடுங்கள். வெயிலில் ஒரு மணி நேரம் இருந்த பிறகு காலில் உதைக்கும் வலு இருக்காது. இடையில் ஒரு வாழைப்பழம், நிறைய தண்ணீர்.