மின்பொறியியல் பேராசிரியர் பணிக்கு ஆயத்தமாவது எப்படி

தகுதி விதிகள் பலரும் அஞ்சும் அளவுக்குச் சிக்கலானவை அல்ல. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் 2019 விதிமுறைகளின்படி, உதவிப் பேராசிரியர் பணிக்கு பி.இ., எம்.இ. இரண்டையும் முடித்து, ஏதேனும் ஒன்றில் முதல் வகுப்பு பெற்றிருக்க வேண்டும். இணைப் பேராசிரியராக நேரடி நியமனம் பெற, முனைவர் பட்டத்துடன் குறைந்தது 6 ஆய்வுக் கட்டுரைகளும், பட்டம் பெற்றதற்குப் பிந்தைய 2 ஆண்டுகள் உட்பட 8 ஆண்டு அனுபவமும் தேவை. கேட் (GATE) நுழைவுத் தேர்வின் மதிப்பெண் 3 ஆண்டுகளுக்குச் செல்லும் என்பதால், எம்.இ. சேர்க்கைக்கு எழுதிய தேர்வே சில வேளைகளில் ஆய்வுச் சேர்க்கைக்கும் கைகொடுக்கும்.

உண்மையான கடினம் ஆய்வு நெறியாளரைத் தேர்ந்தெடுப்பதில்தான் இருக்கிறது. கல்லூரியின் பெயரையோ, அவர் வெளியிட்ட கட்டுரைகளின் எண்ணிக்கையையோ மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். அவரிடம் ஏற்கெனவே பட்டம் பெற்றவர்களின் ஆய்வேடுகளைச் 'சோத்கங்கா' தளத்தில் எடுத்து, முடிவுகளைக் கூறும் இயல்களை மட்டுமாவது படித்துப் பாருங்கள். அலைவடிவங்கள் எல்லாம் மேட்லேப் என்னும் கணினி மென்பொருளில் வரைந்தவையாகவே இருக்கின்றனவா, உண்மையான சுற்றை அளந்து ஆசிலோஸ்கோப் திரையில் பதிவானவையும் உள்ளனவா என்பதை அங்கேயே கண்டுகொள்ளலாம். திறன் மின்னணுவியலில் (பவர் எலக்ட்ரானிக்ஸ்) இந்த வேறுபாடு மிகப் பெரியது. எடுத்துக்காட்டாக, இன்வெர்ட்டரின் ஒரே கிளையில் உள்ள இரண்டு ஐஜிபிடி (IGBT) மின்னணு ஸ்விட்சுகளும் ஒரே நேரத்தில் கடத்தினால் நேர்திசை மின் (டி.சி.) வழங்கி குறுக்குச் சுற்றாகிவிடும் என்பதால், ஒன்று அணைந்து மற்றொன்று இயங்குவதற்கு இடையில் ஓரிரு மைக்ரோ நொடிகள் இடைவெளி விடப்படுகிறது. இலட்சிய ஸ்விட்சுகளைக் கொண்ட கணினி மாதிரியில் இதை விட்டுவிட்டாலும் எதுவும் வெடிக்காது. மேசையில் இருக்கும் சுற்றில், அந்த இடைவெளியே குறைந்த வேகத்தில் மோட்டாரின் மின்னோட்டத்தைச் சிதைக்கிறது. அதைச் சரிசெய்யும் முறைகளே தனி ஆய்வுத் துறையாக வளர்ந்துள்ளன. சுற்றைக் கையால் கட்டிப் பார்க்காதவருக்கு இத்தகைய கேள்வி எழவே வாய்ப்புக் குறைவு என்பது என் கருத்து. கட்டுரைகளுக்கு அவசரப்படுத்தும் நெறியாளரைவிட, சாலிடரிங் மேசைக்கு அருகில் நாற்காலி போட்டுக்கொள்ளும் நெறியாளர் மேல்.

கற்பித்தலுக்கும் அதே மேசைதான் பயிற்சிக்களம். உதவித்தொகையுடன் ஆய்வு செய்பவர்களுக்குப் பெரும்பாலும் இளநிலை மாணவர்களின் ஆய்வக வகுப்பு ஒப்படைக்கப்படும். அதைச் சுமையாகக் கருதித் தட்டிக்கழிக்க வேண்டாம். மின்மாற்றியின் திறந்த சுற்று, குறுக்குச் சுற்றுச் சோதனைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். முன்னதில் குறைந்த திறன் காரணிக்கான வாட்மீட்டரும், பின்னதில் சாதாரண வாட்மீட்டரும் ஏன் என்று, இணைப்புக் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள். சுமையற்ற நிலையில் மின்னோட்டத்தின் பெரும்பகுதி காந்தப்புலத்தை உருவாக்கவே செல்வதால் திறன் காரணி மிகக் குறைவு என்ற விடையை அவர்களே எட்டும்வரை பொறுத்திருங்கள். குறுக்குச் சுற்றுச் சோதனைக்கு முன், ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மரின் குமிழ் பூச்சியத்தில் இருப்பதை ஒவ்வொரு மேசையிலும் நீங்களே பார்த்த பிறகு மின்சாரம் கொடுக்கச் செய்யுங்கள். முழுச்சுமை மின்னோட்டம் பாயப் பெரும்பாலும் மதிப்பிட்ட மின்னழுத்தத்தில் சுமார் 5 முதல் 10 விழுக்காடே போதும். குமிழ் மேலே நின்றால் ஃபியூஸ் உடனே போய்விடும். அளவீடுகள் முடிந்ததும் சமானச் சுற்றின் மதிப்புகளை அங்கேயே கணக்கிடச் சொல்லிவிட்டு, அதன் பிறகு ரெக்கார்டு நோட்டில் கையெழுத்திடுங்கள்.