கேப்பிலரி எலக்ட்ரோஃபோரசிஸில் புரதப் பிணைப்பை அளப்பது: முதல்முறை செய்வோருக்கு

புரதத்தோடு ஒரு சிறு மூலக்கூறு (லிகண்ட்) எவ்வளவு இறுக்கமாக ஒட்டுகிறது என்பதை, கரைசல் நிரம்பிய நுண்குழாயில் மின்னழுத்தம் கொடுத்துப் பிரிக்கும் கேப்பிலரி எலக்ட்ரோஃபோரசிஸில் சில மைக்ரோகிராம் புரதத்தை வைத்தே அளந்துவிடலாம். பழகுவதற்கு நல்ல ஜோடி: மாட்டுக் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் II என்ற நொதிப் புரதமும் 4-கார்பாக்ஸிபென்சீன்சல்ஃபோனமைடு என்ற லிகண்டும். பிஎச் 8.3-இல் இரண்டுக்குமே எதிர்மின்சுமை. லிகண்ட் ஒட்டியதும் புரதத்தின் எதிர்மின்சுமை கூடும். எடை பெரிதாக மாறாது. கேப்பிலரிக்குள் ஓடும் நீர் எல்லாவற்றையும் டிடெக்டரை நோக்கி இழுக்கும்; எதிர்மின்சுமை புரதத்தைப் பின்னிழுக்கும். அதனால் புரதத்தின் பீக் (டிடெக்டர் பதிவில் தெரியும் உச்சி) தாமதமாக வரும். அந்தத் தாமதத்தைத்தான் அளக்கப்போகிறோம்.

பஃபர்

100 மி.லி. தண்ணீரில் டிரிஸ் 0.30 கிராம், கிளைசின் 1.44 கிராம். பிஎச் தானாகவே 8.3-ஐ ஒட்டி நிற்கும். அமிலம் சேர்த்துத் திருத்த வேண்டாம். 0.2 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, காற்றை நீக்குங்கள். கெடாமலிருக்க சோடியம் அசைடு போடும் பழக்கம் இருந்தால் இங்கே கூடாது: அசைடே இந்த நொதியின் துத்தநாகத்தில் போய் ஒட்டிக்கொள்ளும்.

லிகண்ட் 2 மி.கி.யை 10 மி.லி. பஃபரில் கரைத்தால் 1 மில்லிமோலார். அதிலிருந்து 0.1, 0.3, 1, 3, 10, 30 மைக்ரோமோலார் கரைசல்கள். லிகண்ட் இல்லாத பஃபர் ஒன்றும் கட்டாயம் வேண்டும். டிஎம்எஸ்ஓவைத் தவிருங்கள்; 200 நானோமீட்டரில் அதுவே ஒளியை உறிஞ்சும்.

மாதிரி

1 மி.லி. பஃபரில் புரதம் 0.2 மி.கி., மெசிடைல் ஆக்சைடு 1 மைக்ரோலிட்டர். பின்னது நடுநிலைக் குறிப்பான், அதாவது மின்சுமை இல்லாமல் கேப்பிலரிக்குள் ஓடும் நீரோடு மட்டும் போவது. இதை விட்டுவிட்டுச் செய்த அளவீட்டை நம்ப முடியாது. ஏன் என்பது கணக்கில் தெரியும்.

ஓட்டம்

பூச்சில்லாத சிலிக்கா கேப்பிலரி: உள்விட்டம் 50 மைக்ரான், மொத்த நீளம் 60 செ.மீ., டிடெக்டர் வரை 50 செ.மீ. புதியதென்றால் 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 20 நிமிடம், தண்ணீர் 10, பஃபர் 15. ஒவ்வோர் ஓட்டத்துக்கும் நடுவே 0.1 மோலார் ஹைட்ராக்சைடு 2 நிமிடம், பிறகு அடுத்த லிகண்ட் பஃபர் 3 நிமிடம். கேப்பிலரிக்குள்ளும் இரு முனைக் குப்பிகளிலும் ஒரே லிகண்ட் அளவு இருக்க வேண்டும். புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

50 மில்லிபாரில் 5 விநாடி செலுத்தினால் ஏறக்குறைய 7 நானோலிட்டர் உள்ளே போகும். 25 டிகிரி, 25 கிலோவோல்ட், 200 நானோமீட்டர். இரு குப்பிகளிலும் மட்டம் ஒன்றாக இருக்கட்டும், இல்லாவிட்டால் கரைசல் தானாக ஒருபக்கம் வடியும். ஐந்து ஓட்டத்துக்கு ஒருமுறை பஃபரை மாற்றுங்கள். மின்னாற்பகுப்பு பிஎச்சை நகர்த்திவிடும்.

லிகண்ட் அளவு கூடும்போது, புரதத்துக்கும் பிறகு, லிகண்ட் வரும் இடத்தில் ஒரு குழி தெரியலாம். மாதிரியில் லிகண்ட் இல்லாததால் வரும் வெற்றிடத்தின் சுவடு அது. அதைக் குறிப்பானோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கணக்கு

நகர்திறன் (மின்புலத்தில் எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பது) = (50 × 60 ÷ 25,000) × (1/புரத நேரம் − 1/குறிப்பான் நேரம்), நேரம் விநாடியில், விடை செ.மீ.²/(வோல்ட்·விநாடி)-இல்.

குறிப்பான் 240, புரதம் 288 விநாடியில் வந்தால் −8.3 × 10⁻⁵. லிகண்ட் நிறைந்தபின் புரதம் 306-க்குத் தள்ளிப்போனதாக வைத்துக்கொள்வோம்: −10.8 × 10⁻⁵. இப்போது லிகண்டே இல்லாமல் நீரோட்டம் மட்டும் தளர்ந்து குறிப்பான் 250-க்கு வந்தால், புரதம் 302-இல் வரும். நேரத்தை மட்டும் பார்ப்பவர் கிட்டத்தட்ட முழுப் பிணைப்பு என்று எழுதிவிடுவார்.

ஒவ்வொரு செறிவிலும் நகர்திறன் மாற்றத்தை எடுத்து, மாற்றம் = உச்ச மாற்றம் × செறிவு ÷ (பிரிகை மாறிலி + செறிவு) என்ற வளைவை நேரடியாகப் பொருத்துங்கள். 1/மாற்றம், 1/செறிவு என்று வரையும் தலைகீழ் வரைபடங்கள் சிறிய, பிழை மலிந்த புள்ளிகளுக்கே அதிக எடை தருகின்றன. பிரிகை மாறிலி என்பது புரதத்தில் பாதி பிணைந்திருக்கும்போது உள்ள லிகண்ட் செறிவு; இந்த ஜோடிக்கு அது 1 மைக்ரோமோலாரை ஒட்டி வர வேண்டும். லிகண்டோடு ஒட்டாத குதிரை மயோகுளோபினையும் ஓட்டிப்பாருங்கள். அதன் நகர்திறனும் மாறினால் கோளாறு பஃபரில்.

பீக் கெட்டால்

பின்பக்கம் வால் நீண்டால் புரதம் சுவரில் ஒட்டுகிறது. ஹைட்ராக்சைடு கழுவலை நீட்டுங்கள். மின்னழுத்தத்தோடு மின்னோட்டம் நேர்கோட்டில் ஏறாமல் மேல்நோக்கி வளைந்தால் கேப்பிலரி சூடாகிறது, வோல்ட்டைக் குறைக்கவும். லிகண்ட் நடுத்தர அளவில் இருக்கும்போது மட்டும் பீக் அகன்று மங்கி, நிறைந்தபின் மீண்டும் கூர்மையானால் காரணம் வேறு: பிணைப்பு பிரிய எடுக்கும் நேரம் ஓட்ட நேரத்தோடு ஒப்பிடத்தக்கதாக இருக்கிறது. அங்கே இந்த முறை உதவாது. இரண்டையும் முன்பே கலந்து வைத்து, தனிப் புரதத்தையும் பிணைந்ததையும் தனித்தனிப் பீக்காகப் பிரித்து அளக்க வேண்டும்.