அயர்லாந்து பூர்வீகம்: 1864க்கு முன்னாடி எப்படி தேடறது

காட்பாடி, அரக்கோணம், ஜோலார்பேட்டைன்னு ரயில்வே லைனை ஒட்டி இருக்கற ஆங்கிலோ இந்தியன் குடும்பங்கள்ல "எங்க பாட்டனாருக்கு பாட்டனார் ஐரிஷ்காரர், பட்டாளத்துல வந்தவரு"ன்னு ஒரு பேச்சு இருக்கும். அதுல நிறைய பேர் இப்ப தமிழ்க் குடும்பங்கள்லயே சம்பந்தம் பண்ணி வீட்ல தமிழ் பேசிக்கினு இருக்காங்க, பேர்ல மட்டும் அந்த மிச்சம் ஒட்டிக்கினு இருக்குது. பசங்க நெட்ல உக்காந்து அந்தப் பேரை போட்டு தேடறாங்க, மர்ஃபின்னு போட்டா மர்ஃபியா கொட்டுது, சரி போன்னு மூடிட்டு எழுந்துடறாங்க. தேட வேண்டியது பேரை இல்லீங்க, ஊரை. எந்த கவுண்டி (மாவட்டம் மாதிரி), எந்த பாரிஷ் (சர்ச் வட்டாரம்), முடிஞ்சா எந்த டவுன்லேண்டு (அதுக்கும் கீழ இருக்கற சின்ன நிலப்பிரிவு), இது கையில இல்லாம 1864க்கு முன்னாடி போனீங்கன்னா அலைச்சல் தான் மிச்சம்.

அது என்ன 1864ன்னா, அயர்லாந்துல பிறப்பு, இறப்பு, கத்தோலிக்க கல்யாணம் எல்லாம் அரசாங்கத்துல பதிய ஆரம்பிச்சது 1864 ஜனவரி 1லேந்து தான். கத்தோலிக்கர் இல்லாதவங்க கல்யாணம் மட்டும் 1845 ஏப்ரல்லேயே ஆரம்பிச்சிடுச்சி. ஆனா ஒண்ணு, உங்க ஆள் 1840ல பொறந்து கப்பல் ஏறிட்டாலும் அவரோட தம்பி தங்கச்சி யாராச்சும் அங்கேயே இருந்து 1870ல கல்யாணம் பண்ணியிருப்பாங்க இல்ல, அந்த சர்டிபிகேட்ல அப்பா பேரு, அப்பா என்ன தொழில்னு இருக்கும், அதனால கூடப் பொறந்தவங்களையும் சேத்தே தேடுங்க. இந்த ரெக்கார்டுங்க ஐரிஷ்ஜீனியாலஜி டாட் ஐஈ சைட்ல காசில்லாம பாக்கலாம்.

ஊரை கண்டுபிடிக்கற வேலை இந்தியாவுல தான் ஆரம்பிக்குது. வேலூர் கோட்டை பக்கத்துல இருக்கற பழைய ஐரோப்பியர் கல்லறையில கல்வெட்டை போட்டோ எடுங்க, தப்பில்ல, ஆனா அதுல பேரு, ரெஜிமென்ட், வயசு இருக்கும், பொறந்த ஊர் அபூர்வமா தான் இருக்கும். மெட்ராஸ் பிரசிடென்சி சர்ச்சுங்கள்ல நடந்த ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் இதுல பெரும்பாலானதுக்கு ஒரு காப்பி லண்டனுக்கு போயிருக்குது, இப்ப அது பிரிட்டிஷ் லைப்ரரியில, இந்தியா ஆபீஸ் ரெக்கார்ட்ஸ்ல என்/2ங்கற வரிசையில இருக்குது. ஃபைண்ட்மைபாஸ்ட்ங்கற பூர்வீகம் தேடற சைட்ல காசு கட்டி அந்தப் பக்கத்தோட படத்தையே பாக்கலாம், அதுக்கு முன்னாடி ஃபிபிஸ் (பிரிட்டிஷ் இந்தியாவுல இருந்த குடும்பங்களுக்கான சங்கம்) சைட்ல ஓசியில இண்டெக்ஸ் தேடிப் பாத்துடுங்க. இதுல ரெஜிமென்ட் பேர் கிடைச்சா போதும், பாதி கிணறு தாண்டின மாதிரி.

அடுத்து கேக்க வேண்டிய கேள்வி, அவர் ராணியோட பட்டாளமா, அதாவது பிரிட்டிஷ் அரசாங்கப் படையா, இல்ல ஈஸ்ட் இந்தியா கம்பெனி பட்டாளமா? ராணி பட்டாளம்னா லண்டன் கியூவில இருக்கற நேஷனல் ஆர்க்கைவ்ஸ்ல டபிள்யூஓ 97ன்னு ஒரு தொகுப்பு, பென்ஷன் வாங்கினவங்க டிஸ்சார்ஜ் பேப்பருங்க. அந்த அச்சடிச்ச பாரத்துல இன்ன பாரிஷ்ல, இன்ன டவுனுக்கு பக்கத்துல, இன்ன கவுண்டியில பொறந்தவன்னு எழுதறதுக்குன்னே இடம் விட்டிருப்பாங்க, சேரும்போது என்ன வேலை பாத்தான், உயரம், முடி நிறம், கண்ணு நிறம் கூட இருக்கும். நீங்க தேடற மொத்த விஷயமும் அந்த ஒரு வரியில இருக்குது. பென்ஷன் வாங்காம இங்கேயே செத்துட்டார்னா அந்தப் பேப்பர் பெரும்பாலும் இருக்காது, மஸ்டர் ரோல், அதாவது பட்டாளத்து ஆள் கணக்கு தான் பாக்கணும். கம்பெனி பட்டாளம்னா, உதாரணத்துக்கு மெட்ராஸ் யூரோப்பியன் ரெஜிமென்ட், அதுக்கு இந்தியா ஆபீஸ் ரெக்கார்ட்ஸ்லேயே எல்/மில்/11 வரிசை பாருங்க. அந்த ரெஜிமென்ட் தான் 1862ல 102வது ஃபுட் (காலாட்படை) ஆகி 1881ல ராயல் டப்ளின் ஃப்யூசிலியர்ஸ்ல போய் சேந்தது, அதனால பேர் மாறியிருந்தா குழம்பாதீங்க.

அதிகாரிங்கன்னா இவ்ளோ தேடவே வேணாம். 1806 ஜூலை 10 வேலூர் புரட்சி அன்னிக்கு ஆற்காட்டுலேந்து குதிரைப்படையோட ஓடி வந்த கில்லஸ்பி டவுன் கவுண்டி, கோம்பர் ஊர்க்காரர்னு எந்தப் புத்தகத்துலயும் இருக்கும் (கோட்டைக்குள்ள நம்ம சிப்பாய்ங்களை சுட்டுக் குவிச்ச ஆளு, பெருமைப்பட ஒண்ணும் இல்ல). சாதா சோல்ஜருக்கு தான் இந்தப் பாடு.

ஊர் கிடைச்சிடுச்சின்னு வச்சிக்கோங்க. உடனே சென்சஸ் தேடாதீங்க. 1821லேந்து 1851 வரைக்கும் எடுத்தது ஏறக்குறைய எல்லாமே 1922 ஜூன் 30 அன்னிக்கு, உள்நாட்டு சண்டையில, டப்ளின்ல ஆவணக் காப்பகம் இருந்த ஃபோர் கோர்ட்ஸ் கட்டடம் எரிஞ்சப்ப போயிடுச்சி. 1861, 1871 சென்சஸை அரசாங்கமே அழிச்சிடுச்சி, 1881, 1891ஐ முதல் உலகப்போர் சமயத்துல காகிதக் கூழாக்கிட்டாங்க, 1911 வரைக்கும் எடுத்ததுல முழுசா நிக்கறது 1901ம் 1911ம் தான். சர்ச் ஆஃப் அயர்லாந்து, அதாவது புராட்டஸ்டன்ட் சர்ச் ரிஜிஸ்டர்ல பாதிக்கு மேலயும் அதே நெருப்புல போச்சி. கொடுமை என்னன்னா பத்திரமா இருக்கட்டும்னு டப்ளினுக்கு அனுப்பி வச்சதுங்க தான் எரிஞ்சது, சர்ச்லயே கிடந்தது பொழச்சது.

கத்தோலிக்க ரிஜிஸ்டருங்க அந்தந்த ஊர்லயே இருந்ததால தப்பிச்சது. நேஷனல் லைப்ரரி ஆஃப் அயர்லாந்து 2015ல அதோட மைக்ரோஃபிலிமை எல்லாம் நெட்ல ஓசியாவே போட்டுட்டாங்க, 1880 வரைக்கும் வரும். ஆனா ஆரம்பம் ஊருக்கு ஊர் வேற, டவுன்கள்ல 1700கள்லயே இருக்கும், மேற்கு பக்கம் மேயோ, கால்வே மாதிரி இடத்துல பல பாரிஷ்ல 1820, 1830க்கு மேல தான். இன்னொண்ணு, கத்தோலிக்க பாரிஷும் அரசாங்க சிவில் பாரிஷும் ஒண்ணு இல்ல, எல்லை வேற, பேரும் வேறயா இருக்கும். டிஸ்சார்ஜ் பேப்பர்ல இருக்கறது பெரும்பாலும் சிவில் பாரிஷ், அதுக்கு எந்த கத்தோலிக்க பாரிஷ்னு மேப்ல பாத்துட்டு அப்புறம் பக்கத்தை திறங்க.

திறந்தா எழுத்து பாதி லத்தீன்ல இருக்கும், மை மங்கி இருக்கும். ஜேம்ஸை ஜாக்கோபஸ்னும், வில்லியமை குலியெல்மஸ்னும், ஜானை யோவான்னெஸ்னும் எழுதியிருப்பாங்க. ஒரு வரியில தேதி, குழந்தை பேரு, அப்பா பேரு, அம்மா பேரு, கடைசியில ஞானத்தகப்பன் ஞானத்தாய் பேரு, சில பாதிரியார் டவுன்லேண்டும் எழுதுவார், சிலர் எழுத மாட்டார். இதுல விடக்கூடாதது அம்மாவோட பொறந்த வீட்டு பேரு, அது அங்க கல்யாணத்துக்கு அப்புறமும் ரிஜிஸ்டர்ல அப்படியே வரும். ஒரே பாரிஷ்ல நாலு ஜான் மர்ஃபி இருப்பாங்க, ஆனா பிரிஜெட் டோலனை கட்டின ஜான் மர்ஃபி பெரும்பாலும் ஒருத்தர் தான். ஞானப்பெற்றோரையும் குறிச்சிக்கோங்க, முக்கால்வாசி அத்தை மாமா சித்தப்பா தான் நிப்பாங்க. ஸ்பெல்லிங்கை நம்பாதீங்க, பேருக்கு முன்னாடி வர்ற ஓ, மேக் எல்லாம் ஒரு தலைமுறையில விட்டுட்டு அடுத்ததுல ஒட்ட வச்சிக்குவாங்க.

ரிஜிஸ்டர் கை விட்டா நிலக் கணக்கு. டைத் புக்குன்னு 1823லேந்து 1837 வரைக்கும் எடுத்தது, சர்ச்சுக்கு வரி கட்ட வேண்டிய விவசாய நிலக்காரங்க பேரு, டவுன்காரங்க இருக்க மாட்டாங்க. அடுத்து கிரிஃபித் வேல்யூவேஷன், 1847லேந்து 1864 வரைக்கும், இது பெரும்பாலும் நம்ம தாலுகா ஆபீஸ் அ பதிவேடு மாதிரி, டவுன்லேண்டு வாரியா யார் அனுபவிக்கறாங்க, நிலத்துக்காரன் யாரு, எவ்ளோ ஏக்கர், வீடு உண்டா, மேப்ல எந்த நம்பர். பொண்டாட்டி பிள்ளைங்க பேர் இருக்காது. ஒரே டவுன்லேண்டுல ஒரே பேர்ல ரெண்டு பேர் இருந்தா பக்கத்துல அடைப்புக்குள்ள அப்பா பேரை போட்டிருப்பான், அது மாட்டினா ஒரு தலைமுறை இலவசம். டைத்ல இருந்த குடும்பம் கிரிஃபித்ல காணோம்னா நடுவுல 1845ல ஆரம்பிச்ச பஞ்சத்துல செத்திருக்கலாம், ஊரை விட்டு போயிருக்கலாம். உங்க ஆள் அந்த வருஷங்கள்ல பட்டாளத்துல சேந்திருந்தா காரணம் தனியா தேட வேணாம்.

இதுக்கும் முன்னாடி போகணும்னா 1796 ஆளி விவசாயிங்க லிஸ்ட், 1708லேந்து இருக்கற ரெஜிஸ்ட்ரி ஆஃப் டீட்ஸ் (பத்திரப் பதிவு ஆபீஸ்), எரிஞ்சதுல மிச்சத்தையும் காப்பிங்களையும் சேத்து 2022ல ஆரம்பிச்ச வர்ச்சுவல் ரெக்கார்ட் ட்ரெஷரிங்கற சைட், இதெல்லாம் இருக்குது. குத்தகை விவசாயி குடும்பம்னா 1800 பக்கத்துல வந்து நின்னுடும், அது சகஜம். யாரோ ஒருத்தர் ஆன்லைன் ட்ரீல அரச பரம்பரை வரைக்கும் கோடு இழுத்து வச்சிருந்தா ஒவ்வொரு பேருக்கும் எந்த ரிஜிஸ்டர், எந்த பக்கம்னு மெசேஜ் போட்டு கேளுங்க, பதில் வரலைன்னா அந்த கிளையை உங்க ட்ரீல சேக்காதீங்க.