கடை ஷட்டர் கத்துகிறதா? எந்த இடத்துக்கு எதைப் போடுவது

காலையில் கடை திறப்பது தெருக்கோடி வரை கேட்கிறதென்றால், போன தடவை ஷட்டருக்கு என்ன போட்டீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். பல கடைகளில் அது பைக்கிலிருந்து வடித்த பழைய இன்ஜின் ஆயில்தான். போட்ட அன்று சத்தம் அடங்கும். பிறகு ரோட்டுப் புழுதி அதில் ஒட்டிக் கறுப்புச் சாந்தாகி, உப்புத்தாள் மாதிரி தகட்டைத் தேய்க்கும். வெயிலில் இளகிச் சொட்டினால் வாடிக்கையாளர் சட்டையும் போச்சு. தேங்காய் எண்ணெயும் வேண்டாம். மார்கழிக் குளிரில் உறைந்துவிடும். சமையல் எண்ணெய் நாளாக ஆகப் பிசினாகும்.

டபிள்யூடி-40 பற்றி ஒரு வார்த்தை. 1953இல் ஈரத்தை விரட்டுவதற்காக உருவாக்கிய திரவம் அது. பெயரிலுள்ள டபிள்யூ, டி இரண்டும் அதைத்தான் குறிக்கின்றன. துருப்பிடித்து இறுகியதை இளக்கவும் அழுக்கைக் கரைக்கவும் அருமையானது. ஆனால் அது விட்டுப்போகும் படலம் மெல்லியது, தினமும் உரசும் இடத்தில் நிற்காது. அதே நிறுவனமே சிலிகான் ஸ்பிரேயைத் தனி டின்னில் விற்கிறது.

வாங்க வேண்டியவை: சிலிகான் ஸ்பிரே ஒரு டின், ஏபி3 கிரீஸ் சின்ன டப்பா, பூட்டுக்கு கிராஃபைட் பொடி, மண்ணெண்ணெய் கால் லிட்டர் (கிடைக்காவிட்டால் டீசல்), பனியன் வேஸ்ட், 120 நம்பர் உப்புத்தாள், பழைய டூத் பிரஷ்.

1. முதலில் காது கொடுங்கள்
பாதி ஏற்றி, இறக்கிப் பாருங்கள். வழி நெடுக ‘கிரீச்’ என்றால் வறண்டிருக்கிறது, எண்ணெய் கேட்கும். ஒரே உயரத்தில் ஒவ்வொரு தடவையும் ‘டக்’ என்றால் அங்கே சைடு சேனல் (ஷட்டரின் ஓரம் ஓடும் பக்கத் தடம்) நசுங்கியிருக்கும். வண்டி இடித்த தடம் வெளியிலிருந்து பார்த்தாலே தெரியும். ஒரு பக்கம் தாழ்ந்து கோணலாக ஏறினால் பெரும்பாலும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். பின்னிரண்டும் எண்ணெயால் தீராது.

2. சுத்தம்
பாதி வேலை இதுதான், பலரும் தாண்டிப்போவதும் இதைத்தான். மண்ணெண்ணெயில் நனைத்த பனியன் வேஸ்டை ஸ்குரூ டிரைவர் நுனியில் சுற்றி, சேனலுக்குள் மேலிருந்து கீழே இழுங்கள். துணி கறுக்காமல் வரும்வரை மாற்றி மாற்றி இழுக்க வேண்டும். சேனலின் அடியில், தரையை ஒட்டி மண் கெட்டித்துக் கிடக்கும். ஷட்டர் முழுசாக இறங்காமல் நிற்பதற்குப் பல சமயம் அதுவே காரணம். துருவை உப்புத்தாளால் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்து, அரை மணி நேரம் காயவிடுங்கள்.

3. சேனலும் பட்டைகளும்
இங்கே கிரீஸே கூடாது. சிலிகான் மட்டும். காய்ந்தபின் கையில் ஒட்டாததால் புழுதி பிடிப்பது குறைவு. சேனலின் இரு உள்பக்கமும் மேலிருந்து கீழாக ஒரே ஓட்டம் போதும். பிறகு உள்ளே நின்று, பட்டைகள் ஒன்றோடொன்று கொக்கி போட்ட கோடுகளில் மெல்லியதாக அடியுங்கள். எட்டடி உயரம், மூன்று அங்குலப் பட்டை என்றால் சுமார் 32 கோடு வரும். கீழே செய்தித்தாள் விரியுங்கள். சிலிகான் பட்ட டைல்ஸ் வழுக்கும்.

ஆயுத பூஜைக்கு ஷட்டருக்குப் பெயின்ட் அடிக்கும் யோசனை இருந்தால் பெயின்ட்தான் முதலில். சிலிகான் பட்ட தகட்டில் பெயின்ட் பிடிக்காமல் வட்ட வட்டமாக விலகிவிடும்.

4. ஸ்பிரிங், பேரிங், கியர்
ஷட்டர் இறங்கியிருந்தால்தான் மேலே உருளையிலுள்ள ஸ்பிரிங் கண்ணில் படும். ஆனால் அப்போதுதான் அது முழு முறுக்கில் இருக்கும். அங்குள்ள கிளாம்ப், நட்டு எதையும் தொடாதீர்கள். தளர்ந்தால் கை போய்விடும். விரல் நுழைக்காமல், நீளமான பிரஷ்ஷால் தெரிகிற ஓரங்களில் மட்டும் கிரீஸைத் தடவுங்கள், இரு பக்கமும் சேர்த்து ஒரு டீஸ்பூன். திறந்த பேரிங்குக்கும் கியர் பல்லுக்கும் கொஞ்சம் வையுங்கள். மூடி போட்ட பேரிங்குக்கு எதுவும் வேண்டாம். கையால் இழுக்கும் சங்கிலியில் கிரீஸ் பட்டால் பிடி நழுவும். மோட்டார் ஷட்டரென்றால் மெயினை அணைத்துவிட்டு வேலையில் இறங்குங்கள். பிரேக் பக்கம் ஒரு சொட்டும் படக்கூடாது.

ஸ்பிரேயிலிருந்து வரும் வாயு தீப்பிடிக்கும். மூடிய கடைக்குள் அடிக்கும் முன் சாமி படத்து விளக்கை அணையுங்கள், பின்கதவைத் திறந்து வையுங்கள்.

5. பூட்டு
சாவித் துவாரத்தில் எண்ணெய் விட்டால் புழுதியோடு சேர்ந்து சாவி சிக்கும். சிட்டிகை கிராஃபைட் பொடியைச் சாவியில் தொட்டு, நாலைந்து தடவை உள்ளே விட்டுத் திருப்புங்கள். பக்கத் தாழ்ப்பாளுக்கு ஒரு பொட்டு கிரீஸ்.

முடிந்ததும் பத்து தடவை ஏற்றி இறக்குங்கள். வழிந்ததைத் துடைத்துவிடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும். தூத்துக்குடி, நாகை மாதிரி உப்புக்காற்று ஊர்களில் மூன்று மாதம், அதில் ஒன்று ஐப்பசி மழைக்கு முன்னால். இத்தனைக்குப் பிறகும் தூக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தால் ஸ்பிரிங்குக்கு முறுக்கு ஏற்றணும். அதற்கு ஷட்டர் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.