பல நிறச் சுவிஸ் சார்ட்: விதையிலிருந்து அறுவடை வரை

சுவிஸ் சார்ட் என்ற கீரையில் சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு, இளஞ்சிவப்பு என்று கண்ணைப் பறிப்பவை இலைக்காம்பும் நடுநரம்பும்தான். பீட்ரூட்டும் இதுவும் ஒரே இனம். எல்லா நிறமும் வேண்டுமானால் 'பிரைட் லைட்ஸ்' கலவை விதை, சிவப்பு மட்டும் போதுமானால் 'ரூபி ரெட்'. 'ஃபோர்ட்ஹுக் ஜெயண்ட்' வெள்ளைக் காம்பு ரகம்.

தினமும் ஐந்தாறு மணி நேரம் வெயில் படும் இடம் போதும். மண்ணின் கார அமில நிலை 6 முதல் 7 வரை இருக்கட்டும். பாத்தியை ஓரடி ஆழம் கொத்தி, மட்கிய தொழுவுரத்தை இரண்டு விரற்கடை கனத்துக்குப் பரப்பிக் கலந்துவிடுங்கள். தொட்டியானால் 30 செ.மீ. ஆழமுள்ளதில் ஒரு செடி.

சொரசொரப்பாக, தக்கை போல இருக்கும் அந்த 'விதை' உண்மையில் பல விதைகள் ஒட்டிய கொத்து. இரவு ஊறவைத்து, 1 முதல் 1.5 செ.மீ. ஆழத்தில், 10 செ.மீ. இடைவெளியில் ஊன்றுங்கள். ஒரு வாரம், பத்து நாளில் முளைக்கும்.

ஒவ்வொரு குழியிலும் இரண்டு, மூன்று, சிலசமயம் ஐந்து நாற்றுகூட வரும். நிறத்தைக் கோட்டைவிடுவது பெரும்பாலும் இங்கேதான். வாளிப்பான நாற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் களைந்தால், பாத்தி முழுக்க ஓரிரு நிறமே மிஞ்சக்கூடும். மண்ணோடு ஒட்டிக் குனிந்து பாருங்கள்: வித்திலைக்குக் கீழுள்ள இளந்தண்டிலேயே சிவப்பு, மஞ்சள் தெரியும். எல்லா நிறத்திலும் சில இருக்கும்படி பார்த்துவிட்டுக் களையுங்கள். பிடுங்கினால் பக்கத்து வேரும் அசையும். கத்தரியால் அடியில் வெட்டுவதே நல்லது. கடைசியில் செடிக்குச் செடி 25 செ.மீ. நிற்க வேண்டும். வெட்டிய நாற்றைச் சாலடில் சேர்க்கலாம்.

மண் காய்ந்தும் நனைந்தும் மாறிக்கொண்டே இருந்தால் காம்பு நாராகிவிடும். மண்மேல் காய்ந்த சருகால் மூடாக்குப் போட்டு, அடியில் மட்டும் நீர் ஊற்றுங்கள். தழைச்சத்தை அள்ளிக் கொட்டினால் இலை கொழகொழவென்று வளர்ந்து அசுவினிப் பூச்சிக்கு விருந்தாகும். மாதம் ஒருமுறை ஒரு கைப்பிடி மண்புழு உரம் தாராளம்.

இலையில் கோணல்மாணலாக வெளிறிய தடம் ஓடி, பிறகு காய்ந்த திட்டாக மாறினால் இலைத்துளைப்பான். புழு இலையின் இரு தோலுக்கும் நடுவே இருப்பதால் மேலே தெளிக்கும் மருந்து சரியாக எட்டாது. அடிப்புறத்தில் அடுக்கியிருக்கும் வெள்ளை முட்டைகளை நசுக்குங்கள். தடம் விழுந்த இலையைக் கிள்ளி அப்புறப்படுத்துங்கள். சாம்பல் நிறப் புள்ளியைச் சுற்றிச் செவ்வூதா வளையம் இருந்தால் அது இலைப்புள்ளி நோய். இலை ஈரமாகவே இருப்பதால் வருவது. பீட்ரூட்டோ பாலக் கீரையோ இருந்த பாத்தியில் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு இதைப் போடாதீர்கள்.

நாற்றுப் பருவத்தில் வாரக்கணக்கில் கடுங்குளிர் பட்டால், பிறகு பகல் நீளும்போது பூந்தண்டு கிளம்பி இலை கசக்கும். சிவப்பு ரகங்களுக்கு இந்தக் குணம் சற்று அதிகம், எனவே அவற்றைக் குளிர் தணிந்தபின் ஊன்றுங்கள்.

50, 60 நாளில் வெளி இலைகள் ஒரு சாண் உயரம் வந்ததும் அடியோடு ஒடித்தெடுங்கள். நடுக்குருத்தையும் அதைச் சுற்றி நாலைந்து இலைகளையும் தொடாவிட்டால் மாதக்கணக்கில் பறிக்கலாம். சமைக்கும்போது காம்பை முதலில் போட்டு, மூன்று நிமிடம் கழித்து இலையைச் சேருங்கள். நிறமி நீரில் கரையும் என்பதால், நிறைய தண்ணீரில் வேகவைத்தால் வண்ணமெல்லாம் பாத்திரத்து நீரோடு போய்விடும். வதக்குவதே மேல்.