அடுத்த ரீசார்ஜுக்கு முன்னால் அரை மணி நேரம் ஒதுக்குங்கள்

கேபிள்காரர் கேட்கிற தொகையை, டிடிஎச் ஆப் காட்டுகிற தொகையை அப்படியே கட்டிவிடுகிறோம். எந்த சானலுக்கு எவ்வளவு போகிறது என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

முதலில் ரிமோட்டில் 999 போடுங்கள், அல்லது ஆப்பில் விலைப்பட்டியலைத் திறந்துகொள்ளுங்கள். அப்புறம் வீட்டில் எல்லாரும் ஒரு வாரம் உண்மையாகவே பார்த்த சானல்களை ஒரு தாளில் எழுதுங்கள், பாட்டியின் பக்தி சானலை விட்டுவிடாமல். எங்கள் வீட்டுத் தாளில் வந்தது ஒன்பதுதான். அதில் நாலு இலவச சானல்.

இப்போது கணக்கு. 2019இல் டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) கொண்டுவந்த முறைப்படி பில்லில் இரண்டு பகுதி உண்டு: மாதாமாதம் கட்டும் இணைப்புக் கட்டணம், கட்டண சானல்களின் விலை. இணைப்புக்கு 130 ரூபாய், 19 ரூபாய் சானல் மூன்று என்று வையுங்கள். மொத்தம் 187, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 220 ரூபாய் 66 காசு. இதை உங்கள் பேக் விலையோடு ஒப்பிடுங்கள். தனித்தனியாக எடுப்பதுதான் எப்போதும் லாபம் என்று நினைத்துவிடாதீர்கள், ஏனென்றால் ஒரே நிறுவனத்தின் நாலைந்து சானல்கள் வேண்டுமென்றால் பேக்தான் மலிவாக வரும்.

130 என்பது முன்பிருந்த உச்சவரம்பு. 2024 ஜூலையில் டிராய் அதை எடுத்துவிட்டது, இனி கேபிள், டிடிஎச் நிறுவனமே முடிவு செய்யலாம், ஊருக்கு ஊர் மாறவும் செய்யலாம். அதனால் உங்கள் இணைப்புக் கட்டணம் எவ்வளவு என்று நேராகக் கேளுங்கள். இரண்டாவது டிவிக்குத் தள்ளுபடி உண்டா என்றும் கேளுங்கள், கேட்காமல் யாரும் சொல்வதில்லை.

வீட்டில் ஃபைபர் நெட் இருந்தால் டிவியும் அதே வயரில் வரும் பிளான்கள் இருக்கின்றன, இனி பெரும்பாலும் இந்தப் பக்கம்தான் போகும் என்று நினைக்கிறேன். ஆனால் நெட் போனால் டிவியும் போய்விடும். டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாதக் கட்டணமே கிடையாது. டிடி தமிழும் செய்தியும் போதும் என்பவர்களுக்கு நல்லது, சீரியல் பார்க்கும் வீட்டுக்குச் சரிப்படாது.

எதை எடுத்தாலும் சரி, வருடத்துக்கு மொத்தமாகக் கட்டிவிடாதீர்கள். ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள், அந்தத் தாளில் எழுதாத எதையாவது வீட்டில் யாரும் கேட்கிறார்களா என்று.